மனத்துக்கு என்ன ஒத்திகை?

அன்புள்ள அக்கா,

அவசரப் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு பேரிடர்க் குழு அமைத்தோம். டார்ச், விசில், கயிறு, முதலுதவிப் பெட்டி எல்லாம் வாங்கியாயிற்று. வெளியேறும் ஒத்திகையும் ஒருமுறை நடந்தது. கடைசிக் கூட்டத்தில், "மனநலத்துக்கு என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்டேன். "அதெல்லாம் நடந்து முடிந்த பிறகு ஒரு கவுன்சலரைக் கூப்பிட்டு, எல்லோரையும் உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொன்னால் போச்சு" என்றார் ஒருவர். தைரியமூட்டும் சொற்பொழிவு ஒன்று வைக்கலாம் என்றார் இன்னொருவர். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்லத்தான் தெரியவில்லை.

என் தம்பி பல வருடங்களாக மனநல மருந்து சாப்பிடுகிறான். அவனை நினைத்துத்தான் கேட்டேன் என்பதைக் கூட்டத்தில் சொல்லவில்லை. இன்னும் நடக்காத ஒன்றுக்கு மனத்தை எப்படித் தயார் செய்வது?

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரையும் உட்காரவைத்துப் பேசவைக்கும் யோசனைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களை மனத்தில் வைத்து 1983-இல் ஒரு முறையை எழுதினார். சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் குழுவாக உட்கார்ந்து, பார்த்தது, நினைத்தது, உணர்ந்தது என வரிசையாகச் சொல்ல வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஊழியர்களைத் தாண்டி, பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் இந்த மாதிரி அமர்வுகள் பரவின. அப்புறம்தான் சோதித்துப் பார்த்தார்கள். 1997-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், தீக்காயம் பட்டவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவினரை மட்டும் இப்படிப் பேசவைத்தார்கள். 13 மாதம் கழித்துப் பார்த்தால், பேசியவர்களில் 26 சதவீதம் பேருக்குப் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனநோய், இருந்தது. மற்றவர்களில் 9 சதவீதம். பேசிய பிரிவில் காயம் கடுமையாக இருந்தவர்கள் கூடுதல் என்பதால் முழுப் பழியையும் பேச்சின் மேல் போட முடியாது. ஆனால் பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், ஒருமுறை பேசவைப்பதால் நோய் தடுக்கப்படுவதாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைப்பதில்லை.

அதற்குப் பதிலாக அந்த நிறுவனமும் வேறு சில அமைப்புகளும் 2011-இல் உளவியல் முதலுதவிக்கு ஒரு கையேடு வெளியிட்டன. பார், கேள், இணை என்ற மூன்றில் அது அடங்கிவிடும். யாருக்கு என்ன அவசரத் தேவை என்று பார்ப்பது. பேசுகிறவரைக் குறுக்கிடாமல் கேட்பது. பேசாதவரைத் தோண்டாமல் இருப்பது. குடும்பத்தோடு, மருத்துவரோடு, சரியான தகவலோடு அவரை இணைத்துவிடுவது. இதற்குப் பட்டம் தேவையில்லை, கொஞ்சம் பயிற்சி போதும். கவுன்சலரைக் கூப்பிடுவதாக இருந்தால் இப்போதே கூப்பிட்டு, உங்கள் குழுவில் நாலு பேருக்கு இதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

சொற்பொழிவைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பயப்படாதே என்று சொல்லிப் பயம் நின்ற யாரையும் நான் பார்த்ததில்லை. அந்த யோசனைக்குப் பின்னால், ஆபத்து வந்தால் ஜனங்கள் தலைதெறிக்க ஓடுவார்கள் என்ற எண்ணம் இருக்கிறது. பேரிடர்களை ஆயுள் முழுக்க ஆராய்ந்த சமூகவியலாளர் என்ரிக்கோ குவாரன்டெல்லி, அப்படி நடப்பது அபூர்வம் என்று திரும்பத் திரும்ப எழுதினார். பெரும்பாலும் நடப்பது தாமதம். எச்சரிக்கை வந்த பிறகும் ஜன்னலைத் திறந்து பார்ப்போம், பக்கத்து வீட்டில் விசாரிப்போம், "நிஜமாத்தானா?" என்று நாலு பேருக்குப் போன் போடுவோம். ஆகவே, எந்த அறிவிப்பு வந்தால் கேள்வி கேட்காமல் கிளம்புவது என்பதைக் குழு இன்றே முடிவு செய்து வைக்க வேண்டும். இதுவும் மனநல ஆயத்தம்தான். அதில் பெரும்பகுதி இப்படி மனத்துக்கு வெளியே முடிக்க வேண்டிய வேலைகள் என்பது என் எண்ணம்.

மனத்துக்குள் செய்ய வேண்டியதும் உண்டு. ஆஸ்திரேலிய உளவியல் சங்கம் சூறாவளிக்கும் காட்டுத்தீக்கும் முன்னால் மக்களுக்குச் சொல்லித்தரும் முறை எனக்குப் பிடித்தது. கலக்கம் வரும் என்று முன்கூட்டியே எதிர்பார், வரும்போது அதை அடையாளம் கண்டுகொள், பிறகு சமாளி. நடுவில் இருப்பதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். பதற்றம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இடத்தில் முதலில் எட்டிப் பார்க்கும். எனக்கு வாய் உலர்ந்துபோகும், எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது, யார் கேட்டாலும் சள்ளென்று விழுவேன். இன்னொருவருக்குக் கை நடுங்கும், சாவி துவாரத்தில் போகாது. அடுத்த ஒத்திகையை விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். மாடிப்படியில் பாதியில் நிறுத்தி, "இப்போது உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கேட்ட பிறகு, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "கேஸை மூடுகிறேன்." அவ்வளவுதான். பழகிய நடுக்கம் வேறு, புதிதாக வரும் நடுக்கம் வேறு.

செய்திக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். 2013-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு நடந்த ஆய்வில், அந்த வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அதே செய்திகளைப் பார்த்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடக் கடுமையான மன அழுத்தம் தெரிந்தது. நம்பகமான ஓரிரு வழிகளை முடிவு செய்யுங்கள். அதிலிருந்து வருவதை ஒருவர் மட்டும் குறிப்பிட்ட நேரத்தில் குழுவில் போடட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, சொன்னால் சண்டை வரும்.

ஒரு நிம்மதியான விஷயம். பேரிடரில் சிக்கிய கிட்டத்தட்ட எல்லோரும் கலங்குவார்கள், பெரும்பாலோர் காலப்போக்கில் தேறிவிடுவார்கள். தூக்கம் வராதவர்களுக்கெல்லாம் முதல் மாதத்தில் தூக்க மாத்திரை கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்றே சொல்கிறது. ஆனால் ஏற்கெனவே மருந்தில் இருப்பவர்கள் கதை வேறு. தூக்க மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ வழக்கமாகச் சாப்பிடுகிறவருக்கு அது திடீரென்று நின்றால் வலிப்பு வரலாம். தினமும் குடிக்கிறவருக்குச் சரக்கு கிடைக்காமல் போனாலும் அதே ஆபத்துதான்; நாடகம் போடுகிறார் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இப்போது உங்கள் தம்பி. அவனைக் கேட்காமல் கூட்டத்தில் அவனைப் பற்றிச் சொல்லாததே சரி. மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் நிஜப் பெயரும் அதில் இருக்கும். முகாமில் வேறு கம்பெனி மாத்திரைதான் கிடைக்கும் என்றால் அந்தப் பெயர்தான் உதவும். அளவு, நேரம், மருத்துவரின் எண் ஆகியவற்றைத் தாளிலும் எழுதுங்கள், போன் அணைந்துவிடும். மாதாந்திர ஊசி என்றால் அடுத்த ஊசித் தேதியும். லித்தியம் என்ற மனநல மருந்தைச் சாப்பிடுகிறான் என்றால், உடம்பில் நீர் வற்றும்போது ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும், ஆகவே குடிநீர் அவனுக்குக் கூடுதல் முக்கியம். சில நாட்களுக்கான மருந்தைக் கையிருப்பாக வைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பக்கத்திலிருக்கும் பொது மருத்துவமனையில் மனநல மருந்தைத் தொடர்ந்து எழுதித்தர யாராவது உண்டா என்றும் விசாரியுங்கள். 2013-இல் ஹையான் சூறாவளி தாக்கிய பிலிப்பைன்ஸ் பகுதியில், அதற்கு முன் அடிப்படை மனநல சேவை தந்த இடங்கள் இரண்டே இரண்டு. பிறகுதான் பொது மருத்துவ நிலைய ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். 2030-க்குள் 80 சதவீத நாடுகளில் மனநலப் பேரிடர் ஆயத்த ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பேரிடருக்குப் பிறகு மனத்துக்கு எது உதவுகிறது என்று ஸ்டீவன் ஹோப்ஃபால் தலைமையிலான நிபுணர்கள் 2007-இல் ஐந்து விஷயங்களைத் தொகுத்தார்கள். பாதுகாப்பு, அமைதி, பிறரோடு தொடர்பு, எதிர்கால நம்பிக்கை என்பவற்றோடு, நம்மால் முடியும் என்ற எண்ணமும் அதில் உண்டு. ஆகவே பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் பட்டியலோடு நிறுத்தாமல் வேலைப் பட்டியலிலும் தம்பியின் பெயரைச் சேருங்கள், அவன் சம்மதித்தால். கதவு தட்டி எழுப்பும் வேலையா, வெளியே வந்தவர்களின் பெயரைச் சரிபார்க்கும் வேலையா என்பதை அவனே சொல்லட்டும். மருந்துச் சீட்டைப் படமெடுக்க மட்டும் அடுத்த கூட்டம் வரை பொறுக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா