கடன் முடிந்த காடிக்கு இன்னும் மாதத் தவணையா?

கேள்வி:

எங்கள் வீடு பிறையில். கணவருக்குப் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. தினமும் பினாங்கு பாலத்தில் போய் வருகிறார். நான் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகள், மாமியாரும் எங்களோடுதான். 2014-இல் வாங்கிய பெரோடுவா அல்சா காடி (கார்) வைத்திருக்கிறோம். மாதம் 560 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, 2023-இல் கடன் முடிந்தது. அதன் பிறகு சர்வீசுக்கு ஒழுங்காக அனுப்பவில்லை. இரண்டு வருடத்தில் இரண்டே முறைதான் இன்ஜின் ஆயில் மாற்றினோம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டோம். "நல்லா ஓடுற காடிய நோண்டாத" என்பார் கணவர். போன மாதம் வேலை முடிந்து வரும்போது பாலத்தின் நடுவில் சூடேறி நின்றுவிட்டது. இழுத்து வர 180 வெள்ளி. வாட்டர் பம்ப் ஒழுகி, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பட்டறையில் 2,800 வெள்ளி வாங்கினார்கள். கிரெடிட் கார்டில் கட்டினோம். இந்தக் காடி இனிச் சரிப்படாது, விற்றுவிட்டுப் புதிது எடுக்கலாம் என்கிறார் கணவர். 60,000 வெள்ளி கடன், 3 விழுக்காடு வட்டி, 9 வருடம், மாதம் 706 வெள்ளி என்று விற்பனையாளர் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். எடுக்கலாமா? கார்டு கடனை அடைக்க ஈ.பி.எஃப். சேமநிதியில் எப்போதும் எடுக்கக்கூடிய அக்கவுன் ஃபிளெக்சிபலில் கை வைக்கலாமா? காடியை வைத்துக்கொண்டால் மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

— பிறை வாசகி

பதில்:

சகோதரி, பின்னால் லாரிகள் வந்துகொண்டிருக்கும் பாலத்தில் வண்டி நின்றும் உங்கள் கணவர் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தாரே, அதுதான் பெரிது. பணக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுக் காடி இப்போது வேண்டாம். ஈ.பி.எஃப். பணத்தைத் தொட வேண்டாம். மாதம் 200 ரிங்கிட்டைக் காடியின் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். சாலை வரியையும் காப்புறுதியையும் சேர்த்தால் 280 ரிங்கிட் ஆகும்.

2023-இல் உங்கள் வீட்டில் நடந்தது பல வீடுகளில் நடப்பதுதான். வங்கிக்குப் போய்க்கொண்டிருந்த 560 ரிங்கிட் ஒரு மாதம் மிச்சமானது. அடுத்த மாதம் டியூஷன், அதற்கடுத்து வேறு ஏதோ. அரை வருடத்தில் அந்தப் பணம் போன இடம் தெரியாது. வங்கிக்குத் தர வேண்டியது முடிந்துவிட்டது, உண்மை. காடிக்குத் தர வேண்டியது அன்றுதான் கூடத் தொடங்கியது. ஒன்பது வருடம் ஓடிய வண்டி அல்லவா? ரப்பர் காய்ந்து, சீல் இறுகி, பம்ப் தேயத் தொடங்கும் வயது அது.

உங்கள் கணவர் போக வர 45 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி, சந்தை, கோயில், ஊருக்குப் போய் வருவது எல்லாம் சேர்த்து மாதம் 1,500, வருடத்துக்கு 18,000 கிலோமீட்டர். இதற்கு ஒரு சாதாரணப் பட்டறையில் என்ன ஆகும் என்று நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும், ஒரு தடவைக்கு 180 என்றால் வருடத்துக்கு 360. நான்கு டயரும் 800 என்று வைத்து, இரண்டரை வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் வருடப் பங்கு 320. நம் வெயிலில் பேட்டரி இரண்டு வருடம் தாங்கினாலே நல்லது, அதற்கு 130. அலைன்மென்ட், பேலன்சிங் 120. கியர் ஆயில் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று 110. பிரேக் பேட், பிரேக் ஆயில், கூலண்ட், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் சேர்த்து 250. கூட்டினால் 1,290 வருகிறது. வயதான வண்டி என்பதால் அப்சார்பர், இன்ஜின் மவுன்டிங், ஏர்கான் போன்ற எதிர்பாராத வேலைகளுக்கு இன்னும் ஓர் ஆயிரம். ஆக, வருடத்துக்கு ஏறக்குறைய 2,300 ரிங்கிட். உங்கள் பட்டறையில் விலை கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். பெரிய சர்வீஸ் நிலையம் என்றால் கூலிக்கு 8 விழுக்காடு சேவை வரியும் பில்லில் ஏறும்.

இந்த 2,300-ஐ 18,000 கிலோமீட்டரால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 13 சென் வருகிறது. கணவரின் ஒரு நாள் 45 கிலோமீட்டருக்கு 5 ரிங்கிட் 85 சென். பினாங்கு பாலத்தில் ஒரு முறை போய் வரக் காருக்கு டோல் 5 ரிங்கிட் 74 சென். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டோல் சாவடியில் பணம் கட்டினால்தான் தடுப்பு திறக்கும். அதனால் அந்தப் பணம் ஒரு நாளும் தவறுவதில்லை. காடிக்கான பணத்தைக் கேட்க எந்தச் சாவடியும் இல்லை. இரண்டு வருடமாக நீங்கள் பாலத்துக்கு மட்டும் கட்டிவிட்டு, காடிக்குப் பாக்கி வைத்தீர்கள். அது ஒரே நாளில் 2,980 ரிங்கிட்டாக வசூலித்துக்கொண்டது.

குழாய்த் தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் இன்னும் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் வெறும் பச்சைத் தண்ணீரோ சிவப்புத் தண்ணீரோ அல்ல. அதில் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து இருக்கிறது. கொதிநிலையும் வெறும் தண்ணீரைவிட அதிகம். அந்த மருந்து நாளடைவில் தீர்ந்துபோகும். அதனால்தான் குறிப்பிட்ட காலத்தில் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றச் சொல்கிறார்கள். மேலே மேலே குழாய்த் தண்ணீர் சேர்த்தால் மருந்து நீர்த்துப்போய், உள்ளே துருவும் உப்பும் படிகின்றன. ரேடியேட்டர் குழாய்கள் அடைபடுகின்றன, பம்பின் சீல் அரிக்கப்படுகிறது. இதைவிட முக்கியம், மூடியிருக்கும் அமைப்பில் தண்ணீர் அடிக்கடி குறைகிறது என்றாலே எங்கோ கசிகிறது என்று அர்த்தம். உங்கள் காடி பல மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்போதே பம்ப்பை மாற்றிக் கூலண்ட் ஊற்றியிருந்தால் சில நூறு ரிங்கிட்டோடு போயிருக்கும். இன்ஜின் சூடேறினால் அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட் வளைகிறது, அதற்கு அடியில் கசியாமல் அடைத்திருக்கும் கேஸ்கெட் விட்டுவிடுகிறது, கூலண்ட் ஆயிலில் கலக்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் தே தாரிக் தேநீர் நிறத்தில் நுரை இருக்கும். அந்த நிலைக்கு வந்தபின் ஆயிரக்கணக்கில்தான் பேச்சு.

கிலோமீட்டரை மட்டும் நம்பவும் வேண்டாம். மாலை ஆறு மணிக்குப் பாலத்தில் நகராமல் நிற்கும்போது மீட்டர் ஏறாது, இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். "10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அது" என்று எழுதுவது இதற்காகத்தான். உங்கள் வண்டிக்கு நான் மாதக் கணக்கைத்தான் பிடிப்பேன். சாலை வரி முடியும் மாதம் ஒரு சர்வீஸ், அதிலிருந்து ஆறாவது மாதம் இன்னொன்று. சாலை வரியை யாரும் மறப்பதில்லை. அதோடு கட்டிவிட்டால் சர்வீசும் மறக்காது. உங்கள் அல்சா இன்ஜினில் குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். அந்த ஒரு பெரிய செலவு உங்களுக்குக் கிடையாது. பழைய புரோட்டோன் சாகா, பெர்சோனா வைத்திருப்பவர்கள் பெல்ட் மாற்றும் தொகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செயின் என்றாலும் அழுக்கு ஆயிலில் ஓடினால் அதுவும் தேய்ந்து தளரும்.

புதுக் காடிக்கு வருவோம். 60,000-க்கு 3 விழுக்காடு என்பது குறையும் கடனுக்குக் குறையும் வட்டி அல்ல. முழுத் தொகைக்கும் ஒன்பது வருடமும் அதே வட்டி. வட்டி மட்டும் 16,200, மொத்தம் 76,200, அதை 108 மாதத்தால் வகுத்தால்தான் அவர் சொன்ன 706. விற்பனையாளர் கணக்கில் தப்பில்லை. அவர் சொல்லாமல் விட்டது வேறு. பெரோடுவாவும் புரோட்டோனும் வழக்கமாகத் தரும் உத்தரவாதம் 5 வருடம் அல்லது 150,000 கிலோமீட்டர். கடனோ 9 வருடம். கடைசி நான்கு வருடம் தவணையும் கட்ட வேண்டும், பழுதும் உங்கள் தலையில். அந்த ஐந்து வருடமும் உத்தரவாதம் நிற்க வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் அட்டவணைப்படி சர்வீஸ் செய்திருக்க வேண்டும். இப்போதுள்ள பழக்கத்தோடு புது வண்டி எடுத்தால், 706 ரிங்கிட் கட்டிக்கொண்டே அதையும் இதே நிலைக்குக் கொண்டுவந்துவிடுவீர்கள் என்பதுதான் என் கவலை.

மாறாக, அல்சாவை இன்னும் மூன்று வருடம் நன்றாக வைத்திருந்து, மாதம் 500-ஐ அமானா சகாம் மலேசியா முதலீட்டு நிதியிலோ வைப்புத்தொகையிலோ போட்டு வந்தால் கையில் 18,000 இருக்கும். அப்போது இதே வண்டிக்கு 42,000 மட்டும் கடன் வாங்கி 7 வருடத்தில் கட்டினால், அதே 3 விழுக்காட்டில் மாதம் 605, வட்டி 8,820. ஏறக்குறைய பாதி.

கார்டு கடன். வருட வட்டி 18 விழுக்காடு என்றால் 2,800-க்கு முதல் மாத வட்டியே 42 ரிங்கிட். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் இது வருடக்கணக்கில் இழுக்கும். அந்தப் பழைய 560-ஐ ஐந்து மாதத்துக்கு மீண்டும் உயிர்ப்பித்துக் கார்டுக்குக் கட்டுங்கள். ஆறாவது மாதம் 133 ரிங்கிட்டோடு முடிந்துவிடும். மொத்த வட்டியும் ஏறக்குறைய அதே 133-தான். ஈ.பி.எஃப். 2024-க்குக் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. 2,800-ஐ எடுத்துவிட்டால் வருடத்துக்கு 176 ரிங்கிட் அளவில் இழப்பு, ஓய்வு பெறும்வரை, வட்டிக்கு வட்டியாக. 18-ஐவிட 6.30 சிறியதுதானே என்று தோன்றும். ஆனால் கார்டு வட்டி ஆறு மாதத்தோடு நிற்கிறது, எடுத்த சேமநிதியை யாரும் திரும்பப் போடுவதில்லை. 560 முடியவே முடியாது என்றால் வங்கியை அழைத்து, பாக்கியைத் தவணையாக மாற்றும் திட்டம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக் கூட்டுப் பணத்தில் (சீட்டு) முதல் ஆளாக எடுத்து அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். 1971-லிருந்தே அதற்குத் தடைச் சட்டம் இருக்கிறது. ஏமாந்தால் கேட்க நாதியில்லை.

கார்டு முடியும்வரை காடிக்கு 200 எடுக்க முடியாதே என்பீர்கள். முதல் ஐந்து மாதம் 100 போதும். ஆனால் பூஜ்யமாக விடாதீர்கள்.

சின்ன வயதில் நான் பார்த்த ஒன்று. என் அப்பா தன் பழைய சாகாவின் டேஷ்போர்டில் ஒரு 555 புத்தகம் வைத்திருந்தார். மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே சின்னப் புத்தகம். தேதி, மீட்டர் எண், என்ன மாற்றியது, எவ்வளவு. அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்பதைக் கடைசிப் பத்தியில் கடன்போல எழுதி, செய்து முடித்ததும் அடித்துவிடுவார். விற்கும்போது வாங்க வந்தவர் பானெட்டைத் திறக்கும் முன்பே அந்தப் புத்தகத்தைப் புரட்டினார். அதற்குப் பிறகு அவர் பேரம் பேசியது ரொம்பக் கொஞ்சம். கைப்பேசியில் எழுதினாலும் சரி, உங்கள் வீட்டிலும் ஒன்று தொடங்குங்கள். பில்களைக் கசக்கி எறியாமல் அதில் வையுங்கள்.

இழுத்து வந்த 180-ஐப் பற்றி ஒரு வார்த்தை. காப்புறுதி தேய்மானப் பழுதுக்குப் பணம் தராது. ஆனால் பல காப்புறுதிகளில் வழியில் நின்றால் இழுத்துச் செல்லும் உதவி சேர்ந்தே வருகிறது. பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், எண் இருந்தால் இருவர் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.

எப்போது விற்கலாம்? ஹெட் வேலை பார்த்த வண்டி என்பதால் அடுத்த மூன்று மாதம் கவனிக்க வேண்டும். வாரம் ஒரு நாள் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, கூலண்ட் டேங்கில் அளவைப் பாருங்கள். மறுபடி குறைந்தால், ஆயில் நிறம் மாறினால், உடனே பட்டறைக்கு. தொடர்ந்து இரண்டு வருடம் பழுதுச் செலவு வருடத்துக்கு 4,000-ஐத் தாண்டினாலோ, கியர்பாக்ஸ் வழுக்கத் தொடங்கினாலோ, அடியில் துரு ஓட்டை போட்டாலோ விற்கும் பேச்சை எடுக்கலாம். புதுக் காடிக்கு வருடத் தவணையே 8,472 ரிங்கிட். அந்த அளவுகோலில் இந்த 2,800-ஐப் பாருங்கள்.

இந்தச் சம்பளத்தில், கார்டுக்கு 560-உம் காடிக்கு 100-உம் சம்பள நாளன்றே தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். சனிக்கிழமை கணவரும் நீங்களுமாகப் பட்டறைக்குப் போய், கியர் ஆயிலும் பிரேக் ஆயிலும் கடைசியாக எப்போது மாற்றியது என்று பழைய பில்லில் தேடச் சொல்லுங்கள். மாற்றியதாகவே தெரியவில்லை என்றால், புத்தகத்தின் முதல் பக்கத்தில் முதல் இரண்டு வரி அவைதான்.