கடல் அறிவியல் நூலகர் என்ன வேலை செய்கிறார்?

மதுரையில் நூலக அறிவியல் படிக்கும் பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும். கடல், மீன், பவளப்பாறை பற்றிய ஆய்வறிக்கை, வரைபடம், பழைய கணக்கெடுப்பு ஆகியவற்றைச் சேர்த்து, வகைப்படுத்தி, ஆய்வாளர் கேட்கும்போது தேடிக் கொடுப்பவர்தான் கடல் அறிவியல் நூலகர்.

இதற்குத் தனி ஆள் எதற்கு? போன வருடத்துக் கடலை இன்று திரும்பப் போய் அளக்க முடியாது. அன்று எழுதி வைத்த குறிப்பு தொலைந்தால், அந்த விவரமும் போயிற்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன; பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். அவை எங்கே, எவ்வளவு பெரிதாக இருந்தன என்பதைப் பழைய ஆவணங்களில்தான் பார்க்க முடியும். மனை வாங்கும்போது மூலப்பத்திரம் தேடுகிறோமே, அதே மாதிரிதான்.

அன்றாட வேலையில் பெரும்பகுதி தேடல். பழைய அறிக்கை சில பிரதிகளே அச்சாகியிருக்கும். உங்கள் நூலகத்தில் இருக்காது. வேறு ஊர், வேறு நாட்டு நூலகருக்கு எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். இப்படிப் பகிர்ந்துகொள்ளவே நீர்வாழ், கடல் அறிவியல் நூலகங்களுக்கு உலக அளவில் ஒரு சங்கம் இருக்கிறது. அப்புறம் பட்டியலிடுதல், ஸ்கேன் செய்தல், சந்தா பார்த்தல் எல்லாம் மற்ற நூலகங்களைப் போலத்தான்.

மதுரைக்காரர்களுக்கு இது எட்டாத துறை இல்லை. சுமார் 150 கி.மீ. தொலைவில் உள்ள மண்டபத்தில், 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது.

“எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே” என்று பலர் நினைக்கிறார்கள்; யாராவது ஸ்கேன் செய்து ஏற்றியது மட்டும்தான் அங்கே கிடைக்கும், பழைய அறிக்கைகள் பல இன்னும் தாளிலேயே இருக்கின்றன.