பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கு வீட்டுக்கே நர்ஸ் வருவாரா? இதுவரை யாரும் வரவில்லை.

வருவார், கட்டணமும் இல்லை. ஆனால் மாதாமாதம் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அவர் தன்னார்வலர். படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் சிறுநீர் டியூப் மாற்றுவதும் அவர் வேலை இல்லை. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கென்றே வட்டார அளவில் தனி செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் இருக்கிறார்கள்.

பக்கவாதம் வந்தும் இதுவரை யாரும் வரவில்லை என்கிறீர்கள். அநேகமாக அப்பா பெயர் மாத்திரைப் பட்டியலில் மட்டும் ஏறியிருக்கும்.

இப்படிச் செய்து பாருங்கள்:

1. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம், அப்பா எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று கேளுங்கள்.

2. செவிலியர் வீட்டுக்கு வரும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், புண்ணின் போட்டோவோடு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போங்கள். போனில் சொல்வதைவிட இது வேலைக்கு ஆகும்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த வட்டாரச் செவிலியருக்கு வட்டாரம் முழுக்க நோயாளிகள் இருப்பார்கள், தினமும் வர முடியாது. அவர் வரும்போதே கட்டு மாற்றும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், தயங்காமல் கேளுங்கள். அதுவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிப் படுக்க வையுங்கள், இரவிலும்தான். அம்மா ஒருவரால் இது முடியாது, முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது.

காய்ச்சல், புண்ணில் துர்நாற்றம், டியூபில் சிறுநீர் இறங்காமல் நிற்பது என்று எது வந்தாலும் செவிலியருக்காகக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.