36 அடி வேண்டிய இடத்தில் 10 அடி: மாற்றுத்திறனாளிகள் உரிமை கேள்வி-பதில்

சிவகங்கையில் வாங்கிய யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) சென்னையில் செல்லுமா? (தேவகோட்டை)

செல்லும். நாடு முழுக்க ஒரே அட்டைதான்.

கல்யாண மண்டபத்தில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். அம்மாவின் சக்கர நாற்காலியை இரண்டு பேர் தள்ளியும் ஏறவில்லை. கேட்டால், ‘அதான் கட்டியாச்சே’ என்கிறார்கள். (காரைக்குடி)

மாதம் தவறாமல் வரும் கடிதம் இது. ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். நம் பக்கத்துக் கட்டடங்கள் உயர்ந்த மேடையில் நிற்பவை. வாசல் 3 அடி உயரம் என்றால் சாய்தளம் 36 அடி. இடமில்லை என்று 10 அடியில் முடித்துவிடுகிறார்கள். ஏறும்போது நாற்காலி பின்பக்கமாகக் கவிழும், இறங்கும்போது கையில் நிற்காது. நேராக இடமில்லாவிட்டால் சுவரை ஒட்டி மடக்கிக் கட்டட்டும்: 18 அடி போய், 5 அடி சமதளத்தில் திரும்பி, மறுபடி 18 அடி.

அகலம் 4 அடி. இருபுறமும் இரண்டரை அடி, மூன்று அடி உயரங்களில் கைப்பிடி. கதவுக்கு முன் 5-க்கு 5 அடி சமதளம் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கதவை இழுக்கிற நொடியில் நாற்காலி பின்னால் உருளும். அழகுக்காக ஆத்தங்குடிக் கல் பதிக்காதீர்கள். ஈரம் பட்டால் வழுக்கும். சொரசொரப்பான சிமெண்ட் போதும்.

‘இது தனியார் மண்டபம்’ என்ற பேச்சு எடுபடாது. பொதுமக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டடமும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பொதுக் கட்டடமே. பழைய கட்டடங்களுக்கான ஐந்தாண்டுக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. இந்த அளவுகள் வெறும் பரிந்துரையாக நிற்கக் கூடாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உயரம், நீளம் இரண்டையும் டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

மகனுக்குத் தேர்வில் ஸ்கிரைப் (சொல்லச் சொல்ல எழுதித் தரும் உதவியாளர்) கிடைக்குமா? (திருப்பத்தூர்)

எந்தத் தேர்வு, என்ன குறைபாடு, எத்தனை சதவீதம்? ஒன்றையும் எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்து, எழுதச் சிரமம் என்றால் கிடைக்கும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. 40-க்குக் கீழே என்றாலும் விட்டுவிடாதீர்கள். விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்புக்குப் பிறகு அவர்களுக்கும் வழி இருக்கிறது. எழுத முடியாது என்று மருத்துவச் சான்று வேண்டும். விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள், தேர்வு அன்று காலையில் போய் நிற்காதீர்கள்.

அரசு வேலையில் இருந்த அண்ணனுக்கு விபத்தில் கால் போய்விட்டது. ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள். (பள்ளத்தூர்)

எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அதே 2016 சட்டத்தின் பிரிவு 20(4) படி அவரை நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி. அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் அவரை வைத்திருக்க வேண்டும். மாற்றுப்பணி மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

தங்கைக்கு அறிவுசார் குறைபாடு, வயது 19. ‘அவளுக்கு எதற்குப் பங்கு?’ என்கிறார்கள் பங்காளிகள். வங்கியில் கார்டியன் கேட்கிறார்கள். (கண்டனூர்)

நோயோ உடற்குறையோ வாரிசுரிமையைப் பறிக்காது என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 28 தெளிவாகச் சொல்கிறது. அவள் பங்கு அவளுக்கே. கார்டியனுக்காக சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்; தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் அலுவலகத்தில் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பியுங்கள். நியமனமாகி 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், பிறகு ஆண்டுதோறும் கணக்கு தர வேண்டும். இங்கும் ஒப்புகைச் சீட்டு.

அப்பாவின் நாற்காலிக்காக நிலைவாசலை அறுக்கலாமா? (கோட்டையூர்)

வேண்டாம், நிலை தளர்ந்துவிடும். வாசலின் கீழ்க்கட்டை 3 அங்குல உயரம் என்றால் இருபுறமும் 3 அடி நீள மரச் சாய்வுப் பலகை போதும். அடியில் ரப்பர் ஒட்டுங்கள், நகராது.