கடற்பாசிச் சாறு பூஞ்சையை அடக்குமா? – கேள்வி பதில்

திருமங்கலம், எம்.எஸ்சி. மாணவி: அக்கா, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வாங்கிய சர்காசம் என்ற கடற்பாசியை மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்தேன். கேண்டிடா என்ற பூஞ்சை வளரும் அகர் (கூழ்) தட்டில் சாறு விட்ட குழியைச் சுற்றி, பூஞ்சை வளராத 11 மி.மீ. வளையம் வந்திருக்கிறது. நல்ல முடிவுதானே?

வெறும் மெத்தனால் விட்ட குழியில் என்ன வந்தது? அது தெரியாமல் 11 என்ற எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மெத்தனாலே பூஞ்சையை அடக்கும். அதை முழுக்க ஆவியாக்கி, மிஞ்சும் பசையை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரையுங்கள். அதே தட்டில் வெறும் டிஎம்எஸ்ஓ ஒரு குழியில், ஒப்பிட ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து இன்னொன்றில். குழி 6 மி.மீ. என்றால் அதுவும் அந்த 11-க்குள் அடக்கம்.

அப்புறம், பெரிய வளையம் என்றால் வீரியம் அதிகம் என்று நினைக்காதீர்கள். தண்ணீரில் கரையும் பொருள் அகரில் சுலபமாகப் பரவும். எண்ணெய்ப் பசையுள்ளது எவ்வளவு வீரியமாக இருந்தாலும் குழியோரமே நின்றுவிடும். (அந்த அகரே சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பதுதான்!) வளையத்தை முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொண்டு, 96 குழித் தட்டில் எம்ஐசி, அதாவது பூஞ்சை வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு, பாருங்கள். வழிகாட்டி அதைத்தான் கேட்பார்.

உசிலம்பட்டி, மல்லி விவசாயி: இலைக்கருகலுக்குக் கடையில் விற்கும் கடற்பாசி டானிக் அடிக்கலாமா?

அடித்தால் செடி தெம்பாகலாம், கருகலுக்கு மருந்தாக நம்ப வேண்டாம் அண்ணே. 2021 முதல் அது உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிரூக்கியாகத்தான் (செடி வளர்ச்சியைத் தூண்டுவது) வருகிறது, பூஞ்சைக்கொல்லியாக அல்ல. ஆய்வகத்தில் இதை வேறு மாதிரி சோதிப்போம்: கருகிய இலையிலிருந்து ஆல்டர்னேரியா என்ற கருகல் பூஞ்சையைப் பிரித்து, அதில் ஒரு துண்டைச் சாறு கலந்த உருளைக்கிழங்கு அகரின் நடுவில் வைப்போம். சாறில்லாத தட்டில் பூஞ்சை 80 மி.மீ. அகலம் படர்ந்து, சாறுள்ளதில் 60 என்றால் தடுப்பு 25 சதவீதம்தான். அந்தத் துண்டைப் புதுத் தட்டுக்கு மாற்றினால் மறுபடி வளர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வளர்ந்தால் பூஞ்சை சாகவில்லை, சும்மா முடங்கிக் கிடந்திருக்கிறது. இப்போதைக்குக் கருகிய இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, ஒரு கிளையோடு வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்வாருங்கள்.

மேலூர்: படர்தாமரைக்குப் பாசியை அரைத்துப் பூசலாமா?

வேண்டாம். தோல் மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு கலந்த கிரீமையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

அவனியாபுரம்: ராமேஸ்வரம் போகும்போது சோதனைக்குப் பாசி பொறுக்கி வரலாமா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கே கை வைக்கக் கூடாது. கரை ஒதுங்கியது பாதி அழுகியிருக்கும். மண்டபம் பக்கம் பாசி வளர்ப்பவர்களிடம் பச்சையாக வாங்கி, கடல் நீரில் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். பையின் மேல் இனம், இடம், மாதம் மூன்றையும் எழுதுங்கள். ஒரே பாசி பருவத்துக்குப் பருவம் வேறு மாதிரி வேலை செய்யும்.