குயிக்‌ஷிஃப்டரில் கிளட்ச் பிடிக்காமல் மாற்றினால் கியர்பாக்ஸ் கெடுமா?

பைக்கில் கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் இந்தக் கருவியைச் சரியாகப் பயன்படுத்தினால் கெடாது. கியர் லீவரில் கால் அழுத்துவதை சென்சார் உணர்ந்ததும், எஞ்சினின் இழுவிசை கண நேரத்துக்கு நிறுத்தப்படுகிறது. கியர்களின் மேல் இருந்த அழுத்தம் விலகுவதால் அடுத்த கியர் சுலபமாக விழுகிறது. அதனால் மேல் கியருக்குப் போகும்போது ஆக்சிலரேட்டரை விடாதீர்கள். ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) நன்றாக ஏறியிருக்கட்டும். ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் கிளட்ச்தான் நல்லது, இல்லையென்றால் வண்டி குலுங்கும். முக்கியமாக, லீவர் மேல் காலை வைத்தபடியே ஓட்டாதீர்கள்.

அப்புறம், டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுழன்றால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் எஞ்சின் விசையைக் குறைக்கிறது. 2015 யமஹா ஆர்1 போன்ற வண்டிகளில் வண்டியின் சாய்வையும் கணக்கில் எடுக்கிறது. ஆனால் வளைவில் முன்சக்கரம் வழுக்கினால் டிராக்‌ஷன் கன்ட்ரோலால் காப்பாற்ற முடியாது.