ஈமாக்ஸ்ல ஹோம் கீயைத் திரும்பத் திரும்ப அழுத்தினா வேற வேற வேலை செய்ய

ஈமாக்ஸ்ங்கிற டெக்ஸ்ட் எடிட்டர்ல ஹோம் ஒருக்கா அழுத்தினா வரியோட முதல் எழுத்துக்கு (முன்னாடி இருக்கிற காலி இடத்தைத் தாண்டி), ரெண்டாவது தடவை வரி ஆரம்பத்துக்கு, மூணாவது தடவை ஃபைல் உச்சிக்குப் போகணும்னு கேட்டிருந்தீங்க. தாராளமா செய்யலாங்க. கன்ட்ரோல் எல் அழுத்திப் பாருங்க, கர்சர் இருக்கிற வரி மொதல்ல திரை நடுவுக்கு வரும், அப்புறம் மேல, அப்புறம் கீழ, அதே வழிதான் இதுக்கும்.

லாஸ்ட்-கமாண்ட் (முன்னாடி ஓடின கமாண்ட்), திஸ்-கமாண்ட் (இப்ப ஓடுற கமாண்ட்)னு ரெண்டு வேரியபிள் இருக்கு, ரெண்டும் ஒண்ணா இருந்தா அதே கமாண்ட் திரும்ப ஓடுதுன்னு அர்த்தம், ஆனா அது எத்தனாவது தடவைன்னு சொல்லாது, அதனால நீங்களே ஒரு கவுன்ட்டர் வச்சுக்கணும், ஒண்ணா இருந்தா ஒண்ணு கூட்டுங்க இல்லன்னா சைபர் ஆக்கிடுங்க. சைபர்னா பேக்-டு-இன்டென்டேஷன், ஒண்ணுன்னா பிகினிங்-ஆஃப்-லைன், அதுக்கு மேல பிகினிங்-ஆஃப்-பஃபர். இதை ஒரு ஃபங்ஷனா எழுதி ஹோம் கீக்கு மாட்டிடுங்க.

ஒண்ணு கவனிங்க, இது நேரத்தைப் பாக்காது. ஹோம் அழுத்திட்டுக் கீழ கோப்பி கடைக்குப் போய்ட்டு வந்து மறுபடி ஹோம் அழுத்தினாலும் ரெண்டாவது தடவைன்னுதான் எடுத்துக்கும். அது வேணாம்னா கடைசியா அழுத்தின நேரத்தை ஃப்ளோட்-டைம்ங்கிற ஃபங்ஷன்ல செகண்டா எடுத்து வச்சு, ஒரு செகண்டுக்கு மேல ஆச்சுன்னா கவுன்ட்டரைச் சைபர் ஆக்குங்க. நான் இதைத்தான் சொல்வேன், திடீர்னு ஃபைல் உச்சிக்குத் தாவினா ரொம்ப எரிச்சலா இருக்கும்.

ரிப்பீட்-மோட்னு ஒண்ணு ஈமாக்ஸ் 28ஆம் வெர்ஷன்ல வந்துச்சு, நல்ல வசதிதான், ஆனா நீளமான கீயை ஒருக்கா அடிச்சிட்டு கடைசி எழுத்தை மட்டும் திரும்ப அடிக்கிறதுக்கு அது. உங்களுக்குத் தேவையில்ல.

பின்னாடி கில்-லைன் (கர்சர்ல இருந்து வரி முடிவு வரைக்கும் வெட்டுறது) மாதிரி வெட்டுற கமாண்டுக்கு இதே கவுன்ட்டர் வழியைச் செஞ்சா, அது திஸ்-கமாண்டையே கில்-ரீஜன்னு மாத்திடும், கவுன்ட்டர் ஏறாது. அப்போ லாஸ்ட்-கமாண்டுக்குப் பதிலா, இப்படி மாத்தப்படாத ரியல்-லாஸ்ட்-கமாண்டைப் பாருங்க.